டி.என்.ஏ. வைரஸ் எவ்வளவு வேகமாக மாறும்? வாசகர் கேள்வி – பதில்

டி.என்.ஏ. வைரஸ்களின் பரிணாம மரபியல் குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். அடினைன் (ஏ), குவானைன் (ஜி), சைட்டோசைன் (சி), தைமின் (டி) ஆகிய நான்கையும் சுருக்கம் கருதி ‘எழுத்து’ என்றே சொல்லப்போகிறோம்.

கேள்வி: ஆர்.என்.ஏ. வைரஸ் வேகமாக மாறும், டி.என்.ஏ. வைரஸ் மெதுவாக மாறும் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் 1978-ல் நாய்களிடம் கிளம்பிய பார்வோவைரஸ் மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் உருமாறியது?

படித்தது பாதி சரி. ‘வேகம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு கணக்குகள் ஒளிந்திருக்கின்றன. ஒருமுறை நகலெடுக்கும்போது எத்தனை பிழை விழுகிறது என்பது ஒன்று. அந்தப் பிழைகளில் எத்தனை, ஆண்டுக்கணக்கில் வைரஸ் கூட்டத்தில் நிலைத்துவிடுகின்றன என்பது மற்றொன்று.

முதல் கணக்கில் பாடப்புத்தகம் சொல்வது சரிதான். ஆர்.என்.ஏ. வைரஸ்களில் ஓர் எழுத்துக்குப் பிழை வாய்ப்பு 10,000-ல் ஒன்றிலிருந்து 10 லட்சத்தில் ஒன்றுவரை. டி.என்.ஏ. வைரஸ்களில் 10 லட்சத்தில் ஒன்றிலிருந்து 10 கோடியில் ஒன்றுவரை. ஹெர்பெஸ், பாக்ஸ் போன்ற பெரிய வைரஸ்கள் சொந்தமாக டி.என்.ஏ. பாலிமரேஸ் வைத்திருக்கின்றன, அந்த நொதி தப்பான எழுத்தைச் சேர்த்துவிட்டால் பின்வாங்கி வெட்டியெடுத்துவிடும். 1991-ல் மரபியலாளர் ஜான் டிரேக் இன்னொன்றையும் கவனித்தார்: டி.என்.ஏ. நுண்ணுயிர்களில் மரபணுத்தொகுதி சிறியதோ பெரியதோ, முழுத் தொகுதிக்கும் சேர்த்து ஒரு நகலெடுப்புக்குச் சுமார் 0.003 பிழைதான். அதாவது ஏறக்குறைய 300 நகலுக்கு ஒன்று. தொகுதி சிறியதாக இருந்தால் எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் அலட்சியமாக இருக்கலாம், அவ்வளவுதான்.

பார்வோவைரஸ் ஒற்றை இழை டி.என்.ஏ.; நீளம் சுமார் 5,000 எழுத்து. சொந்தப் பாலிமரேஸ் கிடையாது, செல்லினுடையதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. அப்படியிருந்தும் ஆண்டுக் கணக்கில் அதன் வேகம் ஓர் இடத்துக்கு 10,000-ல் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. இது பல ஆர்.என்.ஏ. வைரஸ்களுக்குப் பக்கத்தில் வரும் எண். ஒற்றை இழையில் சைட்டோசைன் தானாகவே சிதைந்து யுராசிலாக மாறுவது அதிகம். சரிபார்க்க எதிர் இழையும் இல்லை. இதோடு ஆண்டுக்குள் ஓடிமுடியும் தலைமுறைகளின் எண்ணிக்கையும் சேர்ந்துகொள்கிறது. நாய்க்குத் தாவ அதற்குப் பெரிய மாற்றமும் தேவைப்படவில்லை. பூனைகளின் பான்லூக்கோபீனியா வைரஸை ஒத்த ஒன்று, தன் மேலுறைப் புரதமான விபி2-வில் 93, 323 ஆகிய இடங்களை மாற்றிக்கொண்டதும் நாயின் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது. அப்போது பூனையைத் தொற்றும் திறனை இழந்தது. அடுத்து வந்த 2ஏ வகை அதையும் மீட்டுக்கொண்டது.

கேள்வி: 2022-ல் பரவிய எம்பாக்ஸ் வைரஸில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பிறழ்வுகள் இருந்தன என்றார்கள். பாலிமரேஸ் பழுதாகிவிட்டதா?

இல்லை. பிழை செய்தது வைரஸின் நொதி அல்ல, நம் செல்லின் நொதி.

எம்பாக்ஸ் வைரஸின் நீளம் சுமார் 1,97,000 எழுத்து. பாக்ஸ் வைரஸ்களில் வழக்கமாக ஆண்டுக்கு முழுத் தொகுதிக்கும் ஒன்றிரண்டு மாற்றம் நிலைக்கும். 2018 மாதிரிகளோடு 2022 மாதிரிகளை ஒப்பிட்டால் நாலிலிருந்து எட்டு வித்தியாசம் இருக்க வேண்டும். இருந்ததோ சுமார் 50.

அந்த ஐம்பதையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் உள்ள எழுத்தைப் பாருங்கள். பெரும்பாலானவை இரண்டே வகை: ‘டி’க்கு அடுத்து நிற்கும் ‘சி’, ‘டி’யாகியிருக்கிறது, அல்லது ‘ஏ’வுக்கு முன் நிற்கும் ‘ஜி’, ‘ஏ’யாகியிருக்கிறது. இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான், எதிரெதிர் இழையில் பார்க்கிறோம். இது ஏபோபெக்-3 என்ற நொதிக் குடும்பத்தின் கைரேகை. வைரஸ் டி.என்.ஏ. நகலாகும் வேளையில் ஒற்றை இழையாகத் திறந்து நிற்கும்போது இந்த நொதி சைட்டோசைனைச் சுரண்டி யுராசிலாக்கிவிடும்; அடுத்த நகலெடுப்பில் அது ‘டி’யாக வாசிக்கப்படும். மனிதரிடம் இந்த மரபணு ஏழு உண்டு, எலியிடம் ஒன்றே ஒன்று. ஆகவே இந்தத் தடயம் நிறைய இருந்தால், வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து தாவிக்கொண்டிருந்தது என்று பொருள். இந்த வழியில் பின்னோக்கிக் கணக்கிட்டதில், அந்தக் கிளை 2016 வாக்கிலேயே மனிதரிடையே நிலைத்துவிட்டது தெரிந்தது. ஏபோபெக் வகை மாற்றங்கள் மட்டும் ஆண்டுக்குச் சுமார் ஆறு சேர்ந்திருக்கின்றன.

காலக்கணிப்பு செய்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. இந்த வரிசைகளுக்கு ஒற்றைக் கடிகாரம், அதாவது எல்லா இடத்துக்கும் ஒரே சீரான மாற்ற வேகம், பொருந்தாது. ஏபோபெக் தொடக்கூடிய இடங்களைத் தனிப் பகுதியாகவும், மற்றவற்றை இன்னொரு பகுதியாகவும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி வேகம் கொடுங்கள். விலங்குகளிடமிருந்து எடுத்த மாதிரிகளை மனிதக் கிளையோடு ஒரே வேகத்தில் பூட்டினால் பழைய கிளைகளின் தேதி அபத்தமாக வரும். தொகுதியின் இரு முனைகளிலும் தலைகீழாக ஒரே வரிசை திரும்ப வருகிறது, ஒவ்வொன்றும் சுமார் 6,400 எழுத்து. அங்கே விழுந்த ஒரு மாற்றம் இரண்டாக எண்ணப்படும். ஒரு முனையை மறைத்துவிடுவது நல்லது.

கேள்வி: ஹெபடைடிஸ் பி வைரஸின் பரிணாம வேகத்துக்கு ஒரு கட்டுரை ஓர் எண்ணும், இன்னொரு கட்டுரை அதில் ஆயிரத்தில் ஒரு பங்கும் சொல்கிறது. எது சரி?

இரண்டும் சரி. எவ்வளவு கால இடைவெளியில் அளந்தார்கள் என்று பாருங்கள்.

சில ஆண்டு இடைவெளியில் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டால் எண் பெரிதாக வரும். லேசாகத் தீங்கான மாற்றங்கள் பல அப்போது இன்னும் களையப்படாமல் உயிரோடிருக்கும். ஒருவரின் நோய் எதிர்ப்புக்குத் தக்கபடி மாறியவை, அடுத்தவர் உடலில் பழையபடி திரும்பியும்விடும். ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைய எலும்பு, பல் ஆகியவற்றிலிருந்து எடுத்த வரிசைகளை வைத்து அளந்தால் எண் குறையும். இன்னும் பின்னே போனால், ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சிறு பறவையின் மரபணுத்தொகுதிக்குள்ளேயே இந்த வைரஸ் குடும்பத்தின் துண்டுகள் ஒட்டிக்கிடக்கின்றன. வயது குறைந்தது 1.9 கோடி ஆண்டு. 2010-ல் வெளியான அந்த ஆய்வின்படி நீண்டகால வேகம், குறுகியகால வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழ். அவ்வளவு நீண்ட காலத்தில் ஒரே இடம் பலமுறை மாறி முந்தைய தடயத்தை அழித்துவிடுவதும் எண்ணைக் குறைக்கிறது.

ஆகவே பத்தாண்டு மாதிரிகளில் கிடைத்த வேகத்தை வைத்துக்கொண்டு பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய மூதாதையைத் தேதியிடாதீர்கள். விடை எப்போதும் மிக இளமையாகத்தான் வரும். பெரியம்மை இதற்குப் பாடம். 17-ஆம் நூற்றாண்டு லித்துவேனிய மம்மி ஒன்றிலிருந்து 2016-ல் வந்த வரிசை, 20-ஆம் நூற்றாண்டு வகைகளின் மூதாதையைச் சில நூற்றாண்டுகளுக்குள் அடக்கியது. 2020-ல் வைக்கிங் கால எலும்புகளில் அழிந்துபோன ஒரு தனிக் கிளை கிடைத்ததும், இரு கிளைகளின் பொது மூதாதையின் காலம் இன்றிலிருந்து சுமார் 1,700 ஆண்டுக்கு முன் என்று பின்னுக்குப் போனது. முதல் கணக்கு தப்பில்லை. அது பிழைத்திருந்த கிளையின் வயது. நோயின் வயது என்று படித்ததுதான் தப்பு.

கேள்வி: ஆய்வக மாணவன். பாக்ஸ் குடும்பத்து வாக்ஸீனியா வைரஸைச் செல் வளர்ப்பில் பலமுறை கடத்தி வரிசைப்படுத்தினேன். ஒரு மரபணுவில் மட்டும் வாசிப்பு ஆழம் (ஓர் இடம் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்பது) நாலு மடங்கு. அதே மரபணுவில் ஒரு மாற்றம் 25 சதவீத அளவில் தெரிகிறது. கருவிக் கோளாறா?

கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் பார்ப்பது ‘அகார்டியன்’ என்று பெயர் வாங்கிய நிகழ்வாக இருக்கலாம். 2012-ல் நெல்ஸ் எல்டி, ஹார்மித் மாலிக் குழுவினர் இதைக் காட்டினார்கள். மனித செல்லின் பிகேஆர் என்ற தற்காப்புப் புரதத்தை முடக்கும் இ3எல் மரபணுவை வாக்ஸீனியாவிலிருந்து நீக்கிவிட்டு, மனித செல்களில் வளர்த்தார்கள். பத்துச் சுற்றுக்குள்ளேயே வைரஸ் தேறிக்கொண்டது. எப்படி? பிகேஆரை அரைகுறையாக மட்டும் தடுக்கும் கே3எல் என்ற இன்னொரு மரபணுவைப் பக்கத்தில் பக்கத்தில் பல நகலாக்கிக்கொண்டது. தொகுதியின் நீளமே 7 முதல் 10 சதவீதம் வீங்கியது. நகல்கள் கூடியதால் பயனுள்ள பிறழ்வு விழுவதற்கான இலக்கும் கூடியது. 47-ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் ஆர்ஜினினாக மாறிய ஒரு கே3எல் வடிவம் தோன்றியது. அதன்பின் கூடுதல் நகல்களைச் சுமக்கத் தேவையில்லை, தொகுதி மீண்டும் சுருங்கலாம். பிழையே அரிதாக விழும் பெரிய வைரஸுக்கு இது அருமையான குறுக்குவழி.

உங்கள் தரவில் சிக்கல் அந்த 25 சதவீதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வைரஸிலும் நாலு நகலில் ஒன்று மாறியிருந்தாலும் 25 வரும். கால்வாசி வைரஸ்களில் நாலு நகலும் மாறியிருந்தாலும் 25தான். நூற்றைம்பது எழுத்து நீளக் குறும்வாசிப்புகளை வைத்து இதைப் பிரிக்கவே முடியாது. கோர்க்கும் மென்பொருள் எல்லா நகலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே மரபணுவாகக் காட்டிவிடும். எனவே:

முதலில், இரு நகல்கள் சேரும் சந்திப்பைத் தாண்டிப் போகும் வாசிப்புகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஒரு வாசிப்பின் முன்பாதி மரபணுவின் வால்பக்கமும் பின்பாதி தலைப்பக்கமும் பொருந்தினால் நகல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. சந்திப்பு எங்கும் இல்லாமல் ஆழம் மட்டும் கூடியிருந்தால், பிசிஆர் சாய்வை, அதாவது ஒரு பகுதி மட்டும் கூடுதலாகப் பெருகியிருப்பதை, சந்தேகியுங்கள். சந்திப்பின் இருபுறமும் பிரைமர் வைத்துப் பெருக்கி உறுதிசெய்யலாம். அடுத்து நானோபோர் போன்ற நீள்வாசிப்பு. ஒரே வாசிப்பு எல்லா நகலையும், இரு ஓரங்களிலும் உள்ள ஒற்றை வரிசையையும் சேர்த்துக் கடக்க வேண்டும். அப்படிக் கடந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். டி.என்.ஏ. எடுக்கும்போது சுழற்கலக்கியில் வைத்து ஆட்டினால் நீளம் துண்டாகிவிடும். அகல முனை கொண்ட பிப்பெட்டால் மெதுவாகக் கையாள வேண்டும். பிளேக்கிலிருந்து (செல் தகட்டில் ஒரு வைரஸ் உண்டாக்கும் வெற்றுப் புள்ளியிலிருந்து) ஒற்றை வைரஸைத் தனிப்படுத்தி வரிசைப்படுத்துவதும் உதவும், ஆனால் வளரவிட்ட சில சுற்றிலேயே நகல் எண்ணிக்கை மறுபடி மாறத் தொடங்கும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: நாளாக நாளாக எந்த வைரஸும் சாதுவாகிவிடும் என்கிறார்களே?

மைக்சோமா வைரஸை முழுக்கப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். 1950-ல் முயல்களைக் கட்டுப்படுத்த ஆஸ்திரேலியாவில் விடப்பட்டபோது தொற்றிய முயல்களில் 99 சதவீதத்துக்கும் மேல் கொன்றது. சில ஆண்டுகளிலேயே, வைரஸ் ஆய்வாளர் ஃபிராங்க் ஃபென்னர் கடுமையை வைத்து வகுத்த ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலை வகைகள் முன்னுக்கு வந்தன. இவை 70 முதல் 95 சதவீதம் கொல்லும், ஆனால் முயல் 17 முதல் 28 நாள்வரை தாக்குப்பிடிக்கும். முதல் நிலை வகையில் 13 நாளுக்குள் முடிந்துவிடும். நோயுற்ற முயல் கூடுதல் நாள் உயிரோடிருந்தால் கூடுதல் கொசுக்கள் கடித்து வைரஸைச் சுமந்துபோகும். வைரஸ் பார்த்தது அந்தக் கணக்கைத்தான்.

70 சதவீதம் கொல்வதைச் சாது என்று யாரும் சொல்லமாட்டோம். கதையும் அங்கே முடியவில்லை. முயல்களிடம் எதிர்ப்புத்திறன் வளர்ந்தது. ஆஸ்திரேலியா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்று இடங்களிலும் ஒரே மரபணு வேறுபாடுகள் பல தேர்வாகியிருப்பதை அருங்காட்சியக முயல்களோடு ஒப்பிட்டு 2019-ல் காட்டினார்கள். முயல் தேறத் தேற வைரஸின் கடுமையும் திரும்ப ஏறியது. 1990-களில் எடுத்த சில வகைகளை எதிர்ப்புத்திறன் இல்லாத ஆய்வக முயல்களுக்குச் செலுத்தியபோது, நோய் எதிர்ப்பு மண்டலமே குலைந்து விழுந்தன. ‘சாதுவாக்கும் பிறழ்வு’ என்று ஒன்றைத் தேடியவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை; வெவ்வேறு கிளைகள் வெவ்வேறு மாற்றங்களால் அதே நிலைக்கு வந்திருந்தன.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக ஒரு வைரஸின் 60 முழு வரிசைகளைத் தரவுத்தளத்திலிருந்து இறக்கியிருக்கிறேன். மூதாதையின் காலத்தைக் கணிக்க நேராக பீஸ்ட் மென்பொருளில் போடலாமா ஐயா?

நேராகப் போட்டால் விடை வரும். எதைப் போட்டாலும் வரும், அதுதான் அந்த மென்பொருளின் ஆபத்து.

முதல் வேலை, களையெடுப்பு. ஒவ்வொரு வரிசைக்கும் மாதிரி எடுத்த ஆண்டு இருக்கிறதா? தரவுத்தளத்தில் பதிவேற்றிய தேதியை எடுத்த தேதியாகக் கொண்டுவிடாதீர்கள். தடுப்பூசி வகைகளையும், ஆய்வகத்தில் பலமுறை கடத்தியவற்றையும் நீக்குங்கள். மனித சைட்டோமெகாலோவைரஸை நார்செல்களில் வளர்த்தால் முதலில் ஆர்எல்13, பிறகு யுஎல்128 பகுதி என்று வரிசையாகக் கெட்டுப்போகும். ஏடி169 என்ற பழைய ஆய்வக வகை சுமார் 15,000 எழுத்தையே இழந்துவிட்டது. எம்விஏ தடுப்பூசி வைரஸ் கோழிக்கரு செல்களில் 570 சுற்றுக்கு மேல் ஓடி, தொகுதியில் 15 சதவீதம்போலத் தொலைத்தது. இவற்றை இயற்கை மாதிரிகளோடு கலந்தால் கடிகாரம் ஓடாது.

பிறகு ஒரு தோராயக் கணக்கு. நீளம், ஆண்டு வேகம், முதல் மாதிரிக்கும் கடைசி மாதிரிக்கும் இடைவெளி மூன்றையும் பெருக்குங்கள். 1,97,000 எழுத்து பாக்ஸ் வைரஸுக்கு ஆண்டுக்கு இரண்டு மாற்றம் என்றால் 10 ஆண்டில் 20, தாராளம். செடிகளைத் தாக்கும் 2,800 எழுத்து ஜெமினிவைரஸ் வேகமாக மாறினாலும் ஆண்டுக்கு ஒன்றுகூட வருவது கடினம், எனவே நீண்ட இடைவெளி வேண்டும். ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் 1,52,000 எழுத்து நீளம் என்றாலும் மிக மெதுவாக மாறுவது, போதாக்குறைக்கு மறுசேர்க்கையும் (இரு வைரஸ்களின் துண்டுகள் கலந்து புது வரிசை பிறப்பது) அதிகம். சில பத்தாண்டு மாதிரிகளில் காலத் தடயம் தேடுவது பெரும்பாலும் வீண்.

வரிசைகளை மாஃப்ட் போன்ற ஒன்றால் அடுக்கி, திரும்பத்திரும்ப வரும் பகுதிகளை மறையுங்கள். ஆர்டிபி மென்பொருளில் மறுசேர்க்கை தேடுங்கள்; ஒரே முறை மட்டும் காட்டியதை நம்பாமல், மூன்று முறைகளாவது ஒத்துக்கொண்டதை ஏற்கலாம். மறுசேர்க்கையான துண்டை மட்டும் வெட்டுவதா, வரிசையையே நீக்குவதா என்பது எத்தனை என்பதைப் பொறுத்தது. அடுத்து மரம் வரைந்து, டெம்ப்எஸ்ட் மென்பொருளில் வேரிலிருந்து நுனிவரை உள்ள தூரத்தை மாதிரி ஆண்டோடு வரைபடமாக்குங்கள். கோடு ஏறவில்லையா, இறங்குகிறதா? அங்கேயே நிறுத்திவிடுங்கள். கோட்டிலிருந்து தனியே விலகி நிற்கும் புள்ளிகள் பெரும்பாலும் தேதி தப்பானவை, அல்லது களையெடுப்பில் தப்பியவை.

ஏறினால் பீஸ்ட். குறைந்தது இரண்டு மூன்று தனி ஓட்டம். ஒவ்வோர் அளவுருவுக்கும் பயனுறு மாதிரி எண்ணிக்கை 200-க்கு மேல். வரிசையே கொடுக்காமல் முன்னனுமானத்தை (தரவைப் பார்க்கும் முன் நீங்கள் கொடுக்கும் ஊகங்களை) மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் உங்கள் தரவு எதுவும் சொல்லவில்லை, நீங்கள் நினைத்ததையே மென்பொருள் திருப்பிச் சொல்கிறது. கடைசியாக மாதிரிகளின் தேதிகளைக் குலுக்கிப்போட்டுப் பத்திருபது முறை ஓட்டுங்கள். குலுக்கிய தேதியிலும் அதே வேகம் வந்தால் அந்த வேகத்தை ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

கேள்வி: செடிகளில் ஜெமினிவைரஸ் ஆய்வு செய்கிறோம். பிசிஆர் செய்த ஒவ்வொரு மாதிரியிலும் புதுப்புது மறுசேர்க்கை வகை கிடைக்கிறது. இத்தனை இருக்குமா?

ஜெமினிவைரஸ்களில் மறுசேர்க்கை நிஜமாகவே அதிகம். 1990-களில் உகாண்டாவில் மரவள்ளியைச் சூறையாடிய வகை, இரண்டு வைரஸ் இனங்களின் மேலுறைப் புரத மரபணு கலந்து பிறந்ததுதான். ஆனால் ஒவ்வொரு மாதிரியிலும் புதிதாக ஒன்று என்றால் சோதனைக்குழாய்க்குள் பிறந்தவை என்றே முதலில் எண்ணுங்கள். ஒரே செடியில் இரு வைரஸ் இருந்து, பாலிமரேஸ் பாதியில் விட்ட இழை அடுத்த சுழற்சியில் மற்ற வைரஸின் இழையோடு ஒட்டினால், கலப்பு தயார். சுழற்சி எண்ணிக்கை கூடக்கூட இது பெருகும்.

வட்ட டி.என்.ஏ. என்பது இங்கே உங்களுக்குச் சாதகம். ஃபை29 பாலிமரேஸால் உருள்வட்டப் பெருக்கம் செய்யுங்கள்: 30 டிகிரியில் இரவு முழுக்க, பிறகு 65 டிகிரியில் 10 நிமிடம் வைத்து நொதியை முடக்க வேண்டும். தொகுதியை ஒரே ஓர் இடத்தில் வெட்டும் கட்டுப்பாட்டு நொதியைப் போட்டால் ஜெல்லில் 2,800 எழுத்து அருகே ஒற்றைப் பட்டை தெரியும். அதை நகலாக்கி முழுதும் வரிசைப்படுத்துங்கள். சில நூறு எழுத்தில் கீழே மங்கலாகத் தெரிபவை குறைப்பிறப்பு மூலக்கூறுகளாக இருக்கலாம். அவற்றை முழு வைரஸாக எண்ணிவிட வேண்டாம். ஒரே கலப்பு எல்லை வெவ்வேறு செடிகளில், தனித்தனிப் பெருக்கத்தில் திரும்ப வந்தால்தான் நம்பலாம்.

கேள்வி: ஹெபடைடிஸ் பி மரபணுக்களில் இயற்கைத் தேர்வை அளக்க, அமினோ அமிலத்தை மாற்றும், மாற்றாத பிறழ்வுகளின் விகிதம் போதுமா?

போதாது. 3,200 எழுத்துத் தொகுதியில் பெரும்பகுதி இரு சட்டகங்களில், அதாவது மூன்று மூன்று எழுத்தாகப் பிரிப்பதை வெவ்வேறு எழுத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் வாசிக்கப்படுகிறது. மேற்பரப்புப் புரதத்தின் மரபணு முழுவதும் பாலிமரேஸ் மரபணுவுக்குள் கிடக்கிறது. லாமிவுடின் மருந்தை எதிர்க்கும் மாற்றத்தில் பாலிமரேஸின் 204-ஆம் மெத்தியோனின் வேலினாகும்போது, அதே எழுத்து மேற்பரப்புப் புரதத்தின் 195-ஆம் ஐசோலூசினையும் மெத்தியோனினாக்கிவிடுகிறது. ஒன்றில் ‘மாற்றாத’ பிறழ்வு மற்றதில் மாற்றுகிறது, விகிதம் ஏமாற்றும். ஒன்றன்மேல் ஒன்று படியாத பகுதிகளில் மட்டும் அளங்கள், அல்லது இரு சட்டகத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மாதிரியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒரே நோயாளியிடம் எடுத்த சைட்டோமெகாலோவைரஸ் மாதிரியில் ஆயிரக்கணக்கான இடங்களில் வேறுபாடு. ஆர்.என்.ஏ. வைரஸ் அளவுக்கு மாறுகிறது என்று எழுதலாமா?

அப்படி எழுதியவர்கள் உண்டு. பிறகு வந்த ஆய்வு, அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி ஒருவருக்குள் இரண்டு மூன்று வகைகள் ஒருசேரத் தொற்றியதால் வந்தது என்று 2019-ல் காட்டியது. வேறுபடும் இடங்களின் சதவீதத்தைப் பட்டியலிடுங்கள். எல்லாம் 30 சதவீதம் பக்கத்தில் கூட்டமாக நின்றால் அது 70-க்கு 30 என்று கலந்த இரு வகை. புதிதாக விழுந்த பிறழ்வுகளாக இருந்தால் ஒன்று 2, ஒன்று 5, ஒன்று 40 என்று சிதறியிருக்கும், எண்ணிக்கையும் மிகக் குறைவாக இருக்கும். ஒரே வாசிப்பில் அடுத்தடுத்த மாற்றங்கள் சேர்ந்தே வருகின்றனவா என்றும் பாருங்கள். மிகுதியாக வேறுபடும் மரபணுக்களில் தெரிந்த இரு மரபு வகைகளும் ஒருசேரக் கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். வகைகளைப் பிரித்த பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் எஞ்சுவதைத்தான் பிறழ்வு என்று எண்ண வேண்டும். அது ஒரு சில இடங்களாகச் சுருங்கினால் ஆச்சரியப்படாதீர்கள்.